2500கே, ஒரு தண்ணீர் கூலர், திருப்பூர் வெயில்: ஏழு வருட அனுபவம்

2012 ஜூனில் வாங்கிய இன்டெல் ஐ5 2500கே ப்ராசஸர் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2016-லிருந்து 2023 வரை ஏழு வருடம் அதற்குத் தண்ணீர் கூலர் மாட்டி, ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, ஓட்டினேன். வாங்கிய வாரமே எழுதுகிற ரிவ்யூ ஏகப்பட்டது கிடைக்கிறது, எல்லாவற்றிலும் ஏசி அறை, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட் புது, பம்ப் புது. நான் சொல்லப் போவது அதற்கு அப்புறம் நடந்த கதை.

வீடு திருப்பூரில். கீழே பனியன் செக்கிங் யூனிட், மேலே நாங்கள். எனக்கு டி-ஷர்ட் பிரிண்ட் டிசைன் வேலை, சீசனில் கல்யாண வீடியோ என்கோடிங்கும் உண்டு. மே மாத மத்தியானம் என் அறையில் 35 டிகிரி சாதாரணம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய காற்று, தண்ணீர் கூலராக இருந்தாலும் அறைச் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோகாது. 22 டிகிரி அறையில் ஒருவருக்கு 60 காட்டுகிற அதே செட்டப் என் அறையில் 73 காட்டும். அவர் கூலர் உசத்தி, என் கூலர் மட்டம் என்று அர்த்தமில்லை.

இந்த ப்ராசஸரைப் பற்றிக் கொஞ்சம். 2011 ஜனவரியில் வந்த ஸேண்டி பிரிட்ஜ் தலைமுறை, 32 நானோமீட்டர், 4 கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், நாலு கோரும் வேலை செய்யும்போது டர்போவில் (தானாக ஏறும் வேகம்) 3.4. அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதிலேயே கார்டு, டிஸ்க் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாம் தொங்குவதால் அதை நாலைந்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றினால் ஹார்ட் டிஸ்க் வரைக்கும் தகராறு வரும். ஆகவே அந்த 100-ஐ எத்தனையால் பெருக்குவது என்ற மல்டிபிளையரை மட்டும்தான் தொட வேண்டும், அதைத் திறந்து விட்டிருப்பதற்கு அடையாளம்தான் பெயரின் கடைசியில் இருக்கும் 'கே'. நான் வாங்கப் போனபோது அடுத்த தலைமுறை வந்துவிட்டது, கடைக்காரர் அதையே தள்ளப் பார்த்தார். புதியதில் மூடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட், பழையதில் ஈயப்பற்று மாதிரி சாலிடர். சூடு வெளியே வர சாலிடர்தான் நல்லது என்று பழையதையே எடுத்தேன், இன்றுவரை அதில் வருத்தமில்லை.

முதல் நாலு வருடம் டவர் ஏர் கூலரில் 4.2 கிகாஹெர்ட்ஸ். 2016-ல் ஆசை வந்து 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள சீல் வைத்த தண்ணீர் கூலர் ஒன்று வாங்கினேன். ப்ராசஸர் மேல் உட்காரும் பம்ப் தண்ணீரைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்பும், அங்கே ஃபேன்கள் அதை ஆற வைக்கும். பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்டது, "ஏங்கண்ணு, கரண்டு ஓடுற பெட்டிக்குள்ள தண்ணிய விட்டா ஷாக் அடிக்காதா?" சிரித்துவிட்டேன். ஆனால் முதல் ஒரு மாதம் ராத்திரி எழுந்து டார்ச் அடித்து ஒழுகுகிறதா என்று பார்த்தது நான்தான்.

என் பழைய கேபினட்டில் மேலே இடம் இல்லாததால் ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினேன். முதல் தப்பு அதுதான். ரேடியேட்டரின் உச்சி பம்பை விடக் கீழே இருந்தது, தண்ணீர் சுற்றும் லூப்பில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடம் தேடிப் போகும், என் கேபினட்டில் உயரமான இடம் பம்ப். காலையில் ஆன் செய்தால் சொம்பைக் கவிழ்த்த மாதிரி களக் களக் சத்தம். ஒரு வாரம் கழித்து வெல்டிங் பட்டறையில் கேபினட்டின் மேல் தகடை வெட்டி ரேடியேட்டரை அங்கே ஏற்றினேன், மறுநாளிலிருந்து சத்தம் இல்லை.

இரண்டாவது தப்பு, பம்ப் வயரை மதர்போர்டின் சாதாரண ஃபேன் பின்னில் செருகியது. பயோஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் செட்டிங் புரோகிராம்) அதை ஃபேன் என்று நினைத்து, சூடு குறைந்தால் வேகத்தையும் குறைத்துக்கொண்டிருந்தது. பம்புக்கு முழு 12 வோல்ட் எப்போதும் போக வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் ஃபேன்களோடு நிற்கட்டும்.

சரி, எண்களுக்கு வருவோம். 35 டிகிரி அறை, ப்ராசஸரை முழுதாக உழைக்க வைக்கும் ப்ரைம்95 டெஸ்ட் ஒரு மணி நேரம்: 4.4 கிகாஹெர்ட்ஸ் 1.29 வோல்ட்டில் 71 டிகிரி. 4.8-க்கு 1.43 வோல்ட் கேட்டது, அங்கே 88. பத்து நிமிட டெஸ்ட் போட்டுவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், என்னிடம் இருபது நிமிடம் கழித்துத்தான் எண் நின்றது.

4.8-ல் மூன்று மாதம் ஓட்டினேன், வெறும் வீம்புக்கு. சூடு வேகத்தோடு நேராக ஏறுகிறது, வோல்டேஜின் வர்க்கத்தோடு (ஸ்கொயர்) ஏறுகிறது. 4.4-லிருந்து 4.8 என்றால் வேகம் 9 சதவீதம், ஆனால் 1.29-ஐ 1.43 ஆக்கியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சூடு சுமார் 34 சதவீதம் கூட. ஆகா என்று இருந்தது 3.4-லிருந்து 4.4 போன பயணம், ஒரு மணி நேர என்கோடிங் 47 நிமிடத்தில் முடிந்தது. அதற்கு மேல் கிடைத்ததெல்லாம் நாலைந்து நிமிடம், அதற்குக் கூலி இரண்டு ஃபேன்களின் இரைச்சல். போதாததற்கு 4.8 நிலையாக நிற்க பயோஸில் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ் என்ற ஆப்ஷனை ஆன் செய்ய வேண்டியிருந்தது, அதை ஆன் செய்த நாளிலிருந்து ஸ்லீப் போட்ட மெஷின் திரும்ப எழவில்லை. கருப்பு ஸ்க்ரீன், ஃபேன் மட்டும் சுற்றும். 4.4-க்கு இறங்கி அதை ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. டவர் கூலரின் ஃபேன் ப்ராசஸரை மட்டும் குளிர்விக்கவில்லை, சாக்கெட்டைச் சுற்றியுள்ள, ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்களுக்கும் அதே காற்றுதான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கூலர் வந்ததும் அந்தக் காற்று நின்றுபோனது. ப்ராசஸர் 70-ல் சாவகாசமாக இருக்க, என்கோடிங் நடுவில் திடீர் திடீரென்று வேகம் 1.6-க்கு விழுந்து மறுபடி ஏறியது. கூலரைத்தான் இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாஸ்ஃபெட் மேல் இருந்த அலுமினியத் துண்டில் விரல் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், தோசைக்கல்தான். பழைய பவர் சப்ளையிலிருந்து (எஸ்எம்பிஎஸ்) கழற்றிய 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கேபிள் டை போட்டு அங்கே கட்டினேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் அப்புறம் ஒருநாளும் வேகம் விழவில்லை.

ப்ளூ ஸ்க்ரீன் எனக்கு வந்தது பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான். ப்ரைம்95 எட்டு மணி நேரம் தாண்டிய மெஷின், நான் டீ குடிக்கப் போன நேரத்தில் விழும். ஆஃப்செட் முறையில், அதாவது ப்ராசஸர் தானாகக் கேட்பதிலிருந்து இவ்வளவு குறை என்று, வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தேன், லோடு இருக்கும்போது அது போதுமாக இருந்தது, 1.6-க்கு இறங்கி ஓய்வெடுக்கும்போது அந்தக் குறைவு தாங்கவில்லை. ஆஃப்செட்டை இரண்டு படி ஏற்றி, லோடு லைனை (லோடு ஏறும்போது விழும் வோல்டேஜை ஈடுகட்டும் செட்டிங்) நடுவில் வைத்ததும் தீர்ந்தது.

அப்புறம் பஞ்சு. திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். கீழ்த்தளத்திலிருந்து பறந்து வரும் பனியன் பஞ்சு ரேடியேட்டரில் காற்று நுழையும் பக்கம் படிந்து, ஆறு வாரத்தில் கம்பளி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. அது இருக்கும்போது 4.4-ல் 83 டிகிரி, உரித்து எடுத்ததும் 71. பேஸ்ட் மாற்று, கூலர் மாற்று என்று யாராவது சொன்னால் முதலில் ஒரு பெயிண்ட் பிரஷ் எடுத்துத் துடையுங்கள். நான் நைலான் கொசுவலையை வெட்டி உள்ளிழுக்கும் பக்கம் ஒட்டிவிட்டேன், மாதம் ஒருமுறை அதைக் கழற்றி உதறினால் போதும்.

2021 வாக்கில் களக் களக் மறுபடி வந்தது. இந்த முறை மாட்டிய விதத்தில் குறையில்லை. சீல் வைத்தது என்றாலும் ரப்பர் குழாய் வழியாக ஈரம் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து போகிறது, வெளியே ஒரு சொட்டு கூடத் தெரியாது. 2023 மார்ச்சில் ஒருநாள் விண்டோஸ் வருவதற்குள் 90 காட்டியது. பம்ப் சுற்றுவதாக பயோஸ் சொல்கிறது, கையில் அதிர்வும் தெரிகிறது, ஆனால் ப்ராசஸர் பக்கம் குழாய் சுடுகிறது, ரேடியேட்டர் பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. ஓட்டம் நின்றுவிட்டது.

வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டதால் திறந்து பார்த்தேன். தாமிரத் தட்டில் முடி இடைவெளியில் வெட்டிய வரிகள், அதற்குள் முழுக்கப் பழுப்பு நிறக் கூழ், டீ வடிகட்டியில் கடைசியில் தங்குமே அது மாதிரி. டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போகிறது. ஆனால் திரும்ப நிரப்பி மூட எனக்குத் தைரியம் இல்லை. கவிழ்த்தபோது வந்த தண்ணீர் அரை டம்ளருக்கும் குறைவு.

இப்போது அதே ப்ராசஸர், 2012-ல் வாங்கிய அதே டவர் கூலரோடு, 4.2 கிகாஹெர்ட்ஸ் 1.24 வோல்ட். வெயில் காலத்தில் 74 டிகிரி. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது, அதனால் லினக்ஸ் போட்டுக் கீழே செக்கிங் யூனிட்டுக்கே கொடுத்துவிட்டேன், பீஸ் கணக்கு எழுதுகிறார்கள். ஏவிஎக்ஸ்2 என்ற புதிய கட்டளைத் தொகுப்பு இந்த ப்ராசஸரில் இல்லாததால் சில புது சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்கிறது, என் டிசைன் வேலைக்கு வேறு மெஷின் வாங்கியாயிற்று, அதில் காற்று கூலர்தான். ரேடியேட்டரில் இருந்த ஃபேன் இரண்டும் நன்றாக ஓடுகின்றன, ஒன்று புது மெஷினில், இன்னொன்று இன்வெர்ட்டர் பக்கத்தில்.