சிங்கப்பூர் பங்கர் சேவை: எடையை நம்பலாம், எண்ணெயைச் சோதித்துத்தான் ஆகணும்

ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் கப்பலுக்கு பங்கர், அதாவது எரிபொருள் எண்ணெய், எங்கே போடலாம் என்று கேட்டால் இன்றும் முதலில் வரும் பெயர் சிங்கப்பூர். 2024-இல் இங்கே விற்றது சுமார் 5.49 கோடி டன். வேறெந்தத் துறைமுகமும் இதன் பக்கத்தில்கூட இல்லை. 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. ராட்டர்டாம் வரை சூயஸ் வழியே சுமார் 8,300 கடல் மைல். முனையைச் சுற்றினால் 11,800. அந்தக் கூடுதல் தூரத்துக்கான எண்ணெயில் நல்ல பங்கு இங்கேதான் ஏறியது.

எடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். முன்பெல்லாம் எண்ணெய் கொண்டுவரும் பார்ஜ் படகின் டேங்கில் டேப் இறக்கி, மட்டம் பார்த்து, வெப்பநிலையும் அடர்த்தியும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்க வைத்தால் மட்டம் ஏறும், எடை ஏறாது. இதற்குத்தான் ‘கப்புச்சினோ’ என்று பெயர். 2017 ஜனவரி 1 முதல் ஃபியூயல் ஆயிலுக்கு மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். அது அதிரும் குழாய் வழியே போகும் எண்ணெயின் எடையை நேரடியாக அளக்கிறது. காற்று கலந்தால் அடர்த்தி சரிவது பதிவிலேயே தெரிந்துவிடும்.

ஆனாலும் மீட்டர் இருக்கிறதே என்று சீஃப் எஞ்சினியர் கேபினில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஹோஸ் மாட்டும் முன் மீட்டரிலும் வால்வுகளிலும் உள்ள சீல் எண்களைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் ஓடாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த ஜீரோ சரிபார்ப்பு அறிக்கையைக் கேளுங்கள். மொத்த அளவைக் காட்டும், ரீசெட் செய்ய முடியாத டோட்டலைசரின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் மறுபடி எடுத்து, மீட்டர் அச்சிடும் டிக்கெட்டோடும் சப்ளையர் தரும் டெலிவரி நோட்டோடும் பொருத்திப் பாருங்கள். (2025 ஏப்ரல் 1 முதல் அந்த நோட் மின்னணு வடிவில்தான் வருகிறது. கையெழுத்து புரியாமல் தடுமாறிய காலம் போனது.) காற்று அதிகம் நுழைவது கடைசியில் டேங்கை வழிக்கும் ஸ்ட்ரிப்பிங்கின்போதுதான், அது நீண்டால் பக்கத்தில் ஆள் நிற்கட்டும். மீட்டருக்கு அனுமதித்த பிழை அரை சதவீதம், அதாவது 1,000 டன்னுக்கு 5 டன். கப்பல் டேங்கின் மட்டத்தை அளக்கும் சவுண்டிங்கில் 3 டன் குறைந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். 20 டன் குறைந்தால் பார்ஜ் விலகுமுன் ப்ரொடெஸ்ட் லெட்டர் (எழுத்துப்பூர்வ ஆட்சேபம்) கையில் கொடுங்கள்.

தரத்துக்கு அந்த மதிப்பெண் கிடையாது. இங்கே விற்கும் எண்ணெயில் பெரும்பகுதி பல நாட்டுச் சரக்கைத் தொட்டியில் கலந்து கிடைப்பது. சரக்கு வழி மாறினால் கலவையும் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியில் ரஷ்ய எண்ணெய்ப் பொருட்களை நிறுத்தியதும் அவை ஆசியப் பக்கம் திரும்பியது சமீபத்திய உதாரணம். வணிகம் தடை, போர் என்று அலையும்வரை கலவையும் அலையும். 2022 தொடக்கத்தில் குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் கலந்த எண்ணெய் இங்கே சுமார் 200 கப்பல்களுக்குப் போனது. ஏறக்குறைய 80 கப்பல்களில் ஃபியூயல் பம்பும் எஞ்சினும் தொல்லை கொடுத்தன. பம்பில் மேலும் கீழும் ஓடும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றிய பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அங்கே ஒட்டினால் பம்ப் இறுகிவிடும். கப்பல் எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8217-இன் வழக்கமான சோதனையில் அந்தக் கலப்படம் தட்டுப்படாது. 2024 ஜூன் முதல் கரிமக் குளோரைடுக்கு 50 மி.கி./கிலோ வரம்பு வைத்து சப்ளையரே சோதிக்க வேண்டும் என்று துறைமுக ஆணையம் சொன்னது நல்ல திருத்தம், தாமதமாக வந்தாலும்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஹோஸ் மாட்டும் கப்பல் மேனிஃபோல்டில் உள்ள நீடில் வால்வு (மெல்லிய மாதிரிக் குழாய்) தொடக்கம் முதல் முடிவு வரை சொட்ட வேண்டும். முதல் அரை மணியில் டப்பாவை நிரப்பி மூடிவிட்டால், அது முதல் அரை மணி எண்ணெயின் மாதிரி மட்டுமே. கப்பல் மாசுத் தடுப்பு ஒப்பந்தமான மார்போல் கேட்கும் மாதிரியைக் குறைந்தது 12 மாதம் வைக்க வேண்டும். டெலிவரி நோட் 3 ஆண்டு. லேப் முடிவு வரும்வரை புது எண்ணெயைத் தனி டேங்கில் வையுங்கள், பழையதோடு கலக்காதீர்கள். அலுமினியம்–சிலிக்கன் துகள் 60 மி.கி./கிலோ வரை ஐஎஸ்ஓ தரம் அனுமதிக்கிறது. எஞ்சினுக்குள் போகும்போது 15-க்குள் இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்வது எண்ணெயைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர்தான்: 98 டிகிரி, குறைந்த ஃப்ளோ.

அடுத்து பயோ கலவை. கப்பல் எரிபொருளின் பசுங்குடில் வாயுவைக் குறைக்கச் சொல்லும் ஐரோப்பாவின் ஃபியூயல்இயூ விதி 2025-இல் தொடங்கியதால் பி24-க்கு (24 சதவீதம் பயோ எரிபொருள் கலந்தது) ஆர்டர் வருகிறது. எரிசக்தி குறைவதால் எரியும் எண்ணெயின் அளவு சுமார் 2 சதவீதம் கூடும். இதைவிடத் தொல்லை, அது தண்ணீரை இழுப்பது: எண்ணெயைத் தெளியவிடும் செட்லிங் டேங்கிலிருந்து அடிக்கடி தண்ணீரை வடிக்க வேண்டும், மாதக்கணக்கில் சேமிக்கக் கூடாது. மாற்று எரிபொருளான மெத்தனாலில் அதே அளவு எரிசக்தி வேண்டுமென்றால் எடையில் ஏறக்குறைய இரட்டிப்பு ஏற்ற வேண்டும், டேங்க் இடமும் அதற்கேற்ப. கார்பன் விலை மீதான ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) வாக்கெடுப்பு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போனது. அதுவரை பெரும்பாலான உரிமையாளர்கள் கேட்கப்போவது 0.50 சதவீத சல்ஃபர் எண்ணெயும் பி24-உம்தான்.