ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு ஐஎஸ்38 டர்போ: காற்று வந்துவிடும், பெட்ரோல் வருமா?

2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230-ல் இருப்பது ஜப்பானின் ஐஹெச்ஐ தயாரிப்பான ஐஎஸ்20 டர்போ; இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. அதே ஐஹெச்ஐ, ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 கார்களுக்குச் செய்து கொடுத்தது ஐஎஸ்38. இரண்டுமே ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மூன்றாம் தலைமுறை இஏ888 இன்ஜினுக்கானவை. சிலிண்டர் ஹெட்டோடு சேரும் முகம், ஆயில் லைன், கூலன்ட் லைன், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பைப் பிடிக்கும் வி-பேண்ட் கிளாம்ப் எல்லாமே பொருந்தும். எங்கேயும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ வேண்டியதில்லை. இந்த 2.0 லிட்டர் இன்ஜினுக்கு இதைவிட ஒழுங்காக உட்காரும் பெரிய டர்போ கிடைப்பது கடினம். ஆனால் டர்போவை மட்டும் வாங்கி மாட்டினால், காசில் பாதி வீண்.

முதலில், கிடைப்பது என்ன? ஸ்டாக், அதாவது கம்பெனி கொடுத்தபடியே உள்ள ஆர்எஸ் 230 கொடுப்பது 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். ஐஎஸ்20-ஐ வைத்துக்கொண்டே ரிமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது; ட்யூன் என்பதும் இதுதான்) செய்தால் 290, 300 வரை போகலாம். ஆனால் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு வாங்கும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) சரியும். ஐஎஸ்38 அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நல்ல டவுன்பைப், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், சரியான ட்யூனோடு 370, 380 பிஎஸ் வரை எதிர்பார்க்கலாம். ரெட்லைன் வரை இழுவை குறையாது. பதிலுக்கு, முழு பூஸ்ட் சுமார் 500 ஆர்பிஎம் தள்ளித்தான் வரும். நகரத்துக்குள் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் எகிற வேண்டும் என்பவருக்கு ஐஎஸ்20 ரிமேப்பே போதும். உண்மையில் அதுவே இனிமையாகவும் இருக்கும்.

இனி பெட்ரோல். பூஸ்ட் எவ்வளவு ஏறியது என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள், அந்தக் காற்றோடு எரிய பெட்ரோல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர் குறைவு. இது நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின். 6,500 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்று முடிய ஆகும் நேரம் 18.5 மில்லிசெகண்ட். இன்டேக் போர்ட்டில் தெளிக்கும் பழைய பாணி இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய அந்த நேரம் முழுவதும் கையில் உண்டு. நேரடி இன்ஜெக்டருக்கோ காற்று உள்ளே வரும் நேரமும், அதையடுத்த அழுத்தத்தின் தொடக்கமும் மட்டும்தான்: சுமார் 6 மில்லிசெகண்ட். அதைத் தாண்டித் தெளித்தால் பெட்ரோல் சரியாகக் கலக்காது. நேரத்தை நீட்ட வழியில்லை என்பதால், அளவைக் கூட்ட ரெயில் பிரஷரைத்தான், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்டாக் ரெயில் பிரஷர் 200 பார். ஐஎஸ்38 முழு வேகத்தில் இழுக்கும்போது ஹை பிரஷர் பம்ப் ஈடுகொடுக்காமல் 150 பாருக்கு இறங்கினால், இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல் சுமார் 13 சதவீதம் குறைந்துவிடும். கலவை மெலியும், சிலிண்டர் சூடேறும், நாக் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும். இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, அதாவது பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றப் பார்க்கும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் "மேலே கொஞ்சம் மந்தமா இருக்கு" என்பது மட்டும்தான். பிஸ்டன் கெடுவது இப்படித்தான் தொடங்கும்.

நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இதை இன்னும் இறுக்குகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதுமென்றால், இ20-க்கு அது சுமார் 13.5. அதாவது, அதே காற்றுக்கு 9 சதவீதம் அளவுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். எத்தனால் நாக் வராமல் தாங்கும், சிலிண்டரைக் குளிரவும் வைக்கும், அது நல்லதுதான். ஆனால் பம்ப் ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் அந்த 9 சதவீதம் எங்கிருந்து வரும்? வெளிநாட்டு ட்யூன் ஃபைலை அப்படியே ஏற்றுவது இதனால்தான் கூடாது. எந்த பெட்ரோலில் ஓட்டப்போகிறீர்களோ, அதில்தான் ட்யூன் செய்ய வேண்டும்.

ஹை பிரஷர் பம்ப் மேம்பாட்டில் இரண்டு வழி உண்டு. ஆட்டோடெக் போன்றவர்கள் பெரிய பிஸ்டன் வைத்த பம்ப் தருகிறார்கள். பழைய பம்புக்குள் மாற்றிக்கொள்ளும் உள்பாகக் கிட்டும் வருகிறது. கிட் விலை குறைவு. ஆனால் 200 பாரில் ஓடும் பம்பைத் தூசி பறக்கும் வொர்க்‌ஷாப் மேசையில் பிரித்துச் சேர்ப்பது சரியில்லை. ஒரு மணல் துகள் போதும், சீல் போய் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்க. முழு பம்பாகவே வாங்குங்கள். மாட்டும்போது ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பிரஷர் இறங்கிய பிறகே லைனைத் தொட வேண்டும். கேம்ஷாஃப்ட்டில் பம்பைத் தள்ளும் முனை நான்கு. கிராங்கைக் கையால் சுற்றி, ரோலர் மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்த பிறகு பம்பை வைத்து, போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பம்ப் சாய்ந்து உட்காரும். ஓ-ரிங் புதிதாக இருக்க வேண்டும், அதில் ஆயில் தடவியிருக்க வேண்டும். பெரிய பம்பை மாட்டிவிட்டு ட்யூனில் அதைச் சொல்லாமல் விட்டால் ரெயில் பிரஷர் அளவைத் தாண்டித் தாண்டி ஊசலாடும்.

டேங்க்குக்குள் இருக்கும் லோ பிரஷர் பம்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 380 பிஎஸ்ஸுக்கு மணிக்கு சுமார் 120 லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதைச் சுமார் 5 பாரில் முன்னால் அனுப்ப முடியாவிட்டால், எவ்வளவு பெரிய ஹை பிரஷர் பம்பும் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். லாக்கில் (ஓடும்போது கருவி பதிவு செய்யும் அளவீடுகள்) முதலில் லோ பிரஷர் விழுந்து, அதன் பிறகு ரெயில் பிரஷர் விழுந்தால் குற்றவாளி டேங்க் பம்ப். லோ பிரஷர் நிலையாக இருந்து ரெயில் மட்டும் விழுந்தால் ஹை பிரஷர் பம்ப். இந்த வரிசையைப் பார்க்காமல் பாகத்தை மாற்றுவது குருட்டாம்போக்கு.

டர்போ மாட்டும் வேலை ஒரு முழு நாள். இன்ஜினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம் ஒடுங்கிய இடத்தில் இருக்கிறது, கை நுழையாது. நட்டு, கேஸ்கெட், சீல் எதையும் பழையதைப் போடக் கூடாது. பெரும்பாலும் ஒழுகுவது அடியில் இருக்கும் ஆயில் ரிட்டர்ன் கேஸ்கெட்டும் கூலன்ட் ஓ-ரிங்குகளும்தான், அதைச் சரிசெய்ய மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, பெட்ரோலை நிறுத்தி வைத்துக் கிராங்க் செய்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள். இன்ஜின் ஆயில் ஃபில்டரோடு 5.7 லிட்டர், ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரம். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு இதில் மின்சார மோட்டாரில் இயங்குவது. டர்போ மாற்றியதும் விசிடிஎஸ் போன்ற கருவியால் அதற்கு அடாப்டேஷன் ஓட்ட, அதாவது அதன் நிலையை இசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ராடிலிருக்கும் நட்டைத் திருகி பூஸ்ட் ஏற்றுகிறேன் என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

ஸ்டாக் ஸ்பார்க் பிளக் இந்த பூஸ்ட்டுக்குத் தாங்காது. ஆடி ஆர்எஸ்7-க்கான என்ஜிகே பிளக், இடைவெளி 0.6 மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் பொறியை ஊதி அணைத்துவிடும்; அதை பெட்ரோல் பற்றாக்குறை என்று தப்பாக நினைத்துக்கொள்வதும் நடக்கிறது.

இன்டர்கூலரைத் தவிர்க்கவே கூடாது. கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ மே மாத மதியத்தில் இரண்டு லேப் ஓடினால் ஸ்டாக் இன்டர்கூலர் சூடு பிடித்துவிடும். அதன் பிறகு ஐஎஸ்38 பழைய ஐஎஸ்20 போலத்தான் ஓடும்.

செகண்ட் ஹேண்ட் டர்போ வாங்குவதானால், ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள்; அந்தத் திசையில் ஆட்டம் உணரவே கூடாது. பக்கவாட்டில் மிக லேசாக இருக்கலாம். கம்ப்ரஸர் சக்கரம் கூட்டை உரசிய தடம், வேஸ்ட்கேட் துளையைச் சுற்றி வெடிப்பு, காற்று வெளியேறும் வாயில் ஆயில், மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஆரம்பகால ஐஎஸ்38கள் ட்யூன் செய்த கார்களில் சீக்கிரம் கெட்டுப்போன பெயர் பெற்றவை, பின்னால் வந்த திருத்தப்பட்டதையே கேளுங்கள்.

கியர்பாக்ஸ்: ஆர்எஸ் 230-ல் இருக்கும் ஆறு கியர் டிக்யூ250 ஆயிலில் நனையும் கிளட்ச் கொண்டது. 450 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்போது அதற்கும் தனி ட்யூன் வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் கியரில் கிளட்ச் நழுவும். ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே மாற்றுங்கள். 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியா வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதிலுள்ள உலர் கிளட்ச் டிக்யூ200 தாங்குவது 250 நியூட்டன் மீட்டர். வேண்டாம்.

மாட்டி முடிந்த காரை உடனே விரட்டாதீர்கள். முதல் 200 கிலோமீட்டர் பாதி ஆக்ஸிலரேட்டருக்குள், தினமும் காலையில் ஆயிலும் கூலன்ட்டும் பார்த்து ஓட்டுங்கள். பிறகு மூன்றாம் கியரில் 2,500 முதல் 6,500 வரை ஒரு இழுப்பு, அதுவும் ட்ராக்கில் அல்லது டைனோவில் (காரை நிறுத்தி வைத்தே சக்தியை அளக்கும் மேடை). லாக்கில் பார்க்க வேண்டியவை: இசியூ கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், ரெயில் பிரஷர், லோ பிரஷர், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதம்), இன்ஜெக்ஷன் நேரம், இன்டேக் வெப்பம், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக இக்னிஷன் பின்வாங்கல். ரெயில் பிரஷர் கேட்டதைவிட 10 பாருக்கு மேல் குறைந்தாலோ, ஏதாவது ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகப் பின்வாங்கினாலோ, அடுத்த இழுப்பு வேண்டாம். லாக்கை ட்யூனருக்கு அனுப்பிவிட்டு பூஸ்ட்டைக் குறைத்து வீட்டுக்கு ஓட்டிப் போங்கள்.