குன்னூர் பார்லரில் தோல் பரிசோதனைக் கருவி: நாலு வருட அனுபவம்

குன்னூர் பெட்போர்டு பக்கம் இரண்டு அறை வைத்து பார்லர் நடத்துகிறேன். முகத்தைப் படம் எடுத்துத் தோலைக் காட்டும் பெட்டி ஒன்றை வாங்கி நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் கையில் பிடிக்கும் வுட்ஸ் லேம்ப், அதாவது தோலைப் பார்க்கும் புற ஊதா விளக்கு, மட்டும்தான் இருந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று மலையில் தொழில் செய்யும் தோழிகள் போனில் கேட்டுக்கொண்டே இருப்பதால், பட்டதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

டெமோ பார்த்தது கோயம்புத்தூரில், ஏசி அறையில். ஈரப்பதம் பார்க்கும் பேனாவை என் கன்னத்தில் வைத்தார்கள், 31 என்று காட்டியது. ஏதோ ஜெல் தடவிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வைத்தார்கள், 58. அசந்துபோய் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்தப் பேனா பார்ப்பது தோலில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதைத்தான். ஈரமான எதைத் தடவினாலும் எண் ஏறும், வியர்வைக்கும் ஏறும். தடவிய ஜெல்லை அளந்து காட்டிவிட்டு என் தோல் தேறிவிட்டது என்றார்கள்! டெமோவில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முகம் கழுவித் துடைத்து இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரே இடத்தில் மூன்று முறை வைத்தால் மூன்றும் ஒத்துப்போகிறதா?

அந்த இருபது நிமிடம் நம் ஊரில் ரொம்ப முக்கியம். ஆய்வுக்கூடங்களில் 20 முதல் 22 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 சதவீதம் காற்று ஈரமும் உள்ள அறையில்தான் இந்த அளவை எடுப்பார்கள். என் கடைக்கு மார்கழியில் குளிரில் விறைத்துப்போய் வருவார்கள், இல்லையென்றால் மேட்டுப் படிக்கட்டு ஏறி மூச்சு வாங்க வியர்வையோடு வருவார்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான எண் வந்தது. இப்போது ஹீட்டர் போட்ட அறையில் டீ கொடுத்து உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்து, அப்புறம்தான் பேனாவை எடுக்கிறேன்.

பெட்டிக்கு வருகிறேன். சாதா வெளிச்சம், பளபளப்பைத் தடுக்கும் போலரைஸ்டு வெளிச்சம், புற ஊதா என்று மூன்று விதமாகப் படம் எடுக்கும். இதில் புற ஊதாப் படம்தான் அதிகம் ஏமாற்றும். முதல் மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணின் கன்னம் முழுக்க நீலவெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. அவள் பயந்துவிட்டாள், நானும்தான். கடைசியில் பார்த்தால் டவலிலிருந்து ஒட்டிய பஞ்சு. பவுடர், சன்ஸ்கிரீன் மிச்சம், சோப்பு எல்லாமே படத்தைக் கெடுக்கும். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரும் அம்மாக்களின் முகம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், அது மஞ்சளின் இயல்பு. பரு வருகிற இடங்களில் ஆரஞ்சு சிவப்பாகத் தெரியும் புள்ளிகள் கிருமி விடும் பொருளால் வருவது, அது மட்டும் எனக்கு உண்மையிலேயே உபயோகம். மங்கு மேல்தோலில் இருந்தால் வுட்ஸ் லேம்பில் எடுப்பாகத் தெரியும், ஆழத்தில் இருந்தால் தெரியாது என்று படித்திருக்கிறேன். கருத்த தோலில் அந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடுவதில்லை, அதனால் அதை வைத்து நான் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

டீலர் சொல்லாமல் விட்ட விஷயம் ஈரக்காற்று. ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. முதல் வருடமே லென்ஸ் மூடுபனி போட்ட மாதிரி ஆகி எல்லார் தோலும் மாசில்லாமல் தெரிந்தது. இரண்டாவது வருடம் லென்ஸுக்குள்ளேயே நூல் நூலாகப் பூஞ்சை. சர்வீஸ் ஆள் மலை ஏறி வர மறுத்துவிட்டதால் பெட்டியை வண்டியில் கட்டிக் கீழே அனுப்பினேன், திரும்பி வர ஐந்து வாரம். அன்றிலிருந்து சிலிக்கா ஜெல் பைகளைக் கூடவே வைத்து, மாதம் ஒருமுறை உலர்த்தி மாற்றுகிறேன். காலையில் அறை சூடான பிறகுதான் மூடியைத் திறப்பேன். ஸ்டெபிலைசர் கட்டாயம்.

அடுத்தது மதிப்பெண். சுருக்கம் இத்தனை, புள்ளி இத்தனை, 'தோல் வயது' இத்தனை என்று கடைசியில் ஒரு பக்கம் வரும். என் பெட்டி மச்சத்தையும், ஒட்டுப்பொட்டு வைத்த தழும்பையும், நெற்றியில் விழுந்த முடியையும் புள்ளிக் கணக்கில் சேர்த்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, நாற்பத்தொரு வயது, தோல் வயது 58 என்று வந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று இரவே அந்தப் பக்கம் வராதபடி செட்டிங்கை மாற்றினேன். இதுவரை திரும்பப் போடவில்லை.

அதே அக்காவுக்குத்தான் இந்தப் பெட்டி உதவவும் செய்தது. கன்னத்தில் மங்கு என்று ஃபேஷியல் கேட்டு வந்திருந்தார். போலரைஸ்டு படம் மேலே இருக்கும் பளபளப்பை நீக்கி அடியில் உள்ள சிவப்பைக் காட்டும். மங்குக்கு நடுவே வலை பின்னிய மாதிரி மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிந்தன. "முகத்துக்கு என்னக்கா போடுறீங்க?" என்று கேட்டேன். "மெடிக்கல்ல குடுத்த க்ரீம்தான் கண்ணு, ரெண்டு வருஷமா. விட்டா எரியுது" என்றார். ட்யூபை வாங்கிப் பார்த்தேன், ஸ்டீராய்டு. அதை நெடுநாள் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து இப்படி ரத்தக்குழாய் தெரியலாம், விட்டால் எரியலாம். ஃபேஷியல் செய்யாமல், படங்களை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்துத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். நோயைச் சொல்வது டாக்டர் வேலை. எட்டு மாதம் கழித்து வந்தபோது அதே வெளிச்சத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மங்கு இருந்தது, சிவப்பு நன்றாக அடங்கியிருந்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல், மேகம் மூடினாலும் தோட்டத்துக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும் என்றேன். இந்த முறை கேட்டுக்கொண்டார்.

இப்படி மாதக்கணக்கு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிடுவதற்குத்தான் நான் இந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன். அதனால் வாங்கும்போது தாடை வைக்கும் தாங்கி அசையாமல் இருக்கிறதா, தலை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தை மெருகு ஏற்றாமல் அப்படியே சேமிக்க வேண்டும். நெட் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும், மழையில் இங்கே சிக்னல் இருக்காது. படம் உங்கள் கம்ப்யூட்டரில் தங்குகிறதா, வெளியூர் சர்வருக்குப் போகிறதா என்று எழுதிக் கேளுங்கள். பெண்கள் மேக்கப் இல்லாமல் நம்பி உட்கார்ந்து எடுத்த படம் அது. நான் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குகிறேன், வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழிக்கிறேன்.

கடை சின்னது, மாதம் முப்பது நாற்பது பேர்தான் என்றால் பெட்டிக்கு லட்சத்தைப் போடாதீர்கள். சில ஆயிரத்துக்கு நல்ல வுட்ஸ் லேம்பும், இருட்டாக்க ஒரு தடித்த கறுப்புத் திரையும் போதும்.