பைத்தான் கோர்ஸ் என்று சொல்லி 2.7-ஐ விற்கிறார்கள், பணம் கட்டும் முன் பாருங்கள்

'அடிப்படை முதல் வேலை வரை பைத்தான்' என்று விளம்பரம் இருக்கும். பணம் கட்டி உள்ளே போனால் வீடியோவில் ஓடுவது அந்த நிரல்மொழியின் பழைய வெர்ஷனான பைத்தான் 2.7. அந்த வெர்ஷனுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கடைசி வெளியீடான 2.7.18 அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது; அதன்பின் பாதுகாப்புத் திருத்தம்கூடக் கிடையாது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். இத்தனை காலம் கழித்தும் பழையதைப் புதியது என்று காசுக்கு விற்பது அப்பட்டமான ஏமாற்று. 'புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருக்கும் தேதியை நம்பாதீர்கள். அறிமுக வீடியோ ஒன்றை மட்டும் மாற்றிவிட்டும் அந்தத் தேதியைப் போட முடியும்.

திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் பைத்தான் 3 உடனே எரர் காட்டிவிடும். அதனால் பெரிய சேதமில்லை, தப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எரரே வராமல் விடை மாறிப்போகும் இடங்கள்தான் புதிதாகக் கற்பவரைக் கவிழ்க்கும்.

வகுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாடங்களின் மொத்தம் 451 என்றால், 451 / 5 என்பதற்குப் பைத்தான் 2 தரும் விடை 90. பைத்தான் 3 தருவது 90.2. முழு எண் வேண்டுமென்றால் இப்போது இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைனரி சர்ச் பாடத்தில் நடு இடத்தை ஒற்றைச் சாய்கோட்டால் கணக்கிட்டிருந்தால், விடை 3.0 என்று தசமமாக வரும். லிஸ்ட் (மதிப்புகளின் வரிசை) அதை இட எண்ணாக ஏற்காது; இங்கே எரராவது வரும். பயனரிடம் மதிப்பைக் கேட்டு வாங்கும் இன்புட் இன்னும் மோசம். பழைய பாடத்தில் இன்புட் வழியாக 20 என்று கொடுத்தால் அது எண். இரண்டால் பெருக்கினால் 40. இப்போது அது எழுத்துச் சரம், அதே வரி '2020' என்று காட்டும். முழு எண்ணுக்குச் சுருக்கும் ரவுண்டில் 2.5 கொடுத்தால் முன்பு 3.0, இப்போது 2. ஒவ்வொரு மதிப்பின் மீதும் ஒரே செயலைச் செய்யும் மேப் முன்பு லிஸ்ட் தந்தது; இப்போது அது தந்ததை ஒருமுறை ஓட்டிவிட்டால் இரண்டாம் முறை காலியாக இருக்கும்.

தமிழில் நிரல் எழுத நினைப்பவர்கள் கவனிக்க: 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் பைத்தான் 3-இல் 5. பழைய சாதாரணச் சரத்தில், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்த கோப்பாக இருந்தால், 15. எழுத்துக் குறிகளை விட்டு, அவை சேமிக்கப்படும் பைட்டுகளை எண்ணிச் சொல்லும்.

எரர் வருகிறது என்று கேட்டால் சில பயிற்சியாளர்கள் '2.7-ஐ நிறுவிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். செய்யாதீர்கள். கூடுதல் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பில் 21.0-இலிருந்து பைத்தான் 2-க்கு ஆதரவில்லை. கணக்கீட்டுக்கான நம்பை, இணையதளங்களுக்கான ஜாங்கோ ஆகிய தொகுப்புகளிலும் முறையே 1.16, 1.11 வெர்ஷன்களோடு பைத்தான் 2 ஆதரவு முடிந்துவிட்டது. மேக்ஓஎஸ் 12.3-இல் ஆப்பிளே 2.7-ஐ நீக்கிவிட்டது.

பணம் கட்டும் முன் நடுவிலுள்ள ஒரு மாதிரி வீடியோவைப் பாருங்கள். ரா_இன்புட் (raw_input), எக்ஸ்ரேஞ்ச் (xrange), யுஆர்எல்லிப்2 (urllib2), ஹேஸ்_கீ (has_key), இவற்றில் ஒன்று திரையில் தெரிந்தாலும் அது பழைய பாடம். இன்ஸ்டிடியூட் என்றால் எந்த வெர்ஷன் என்று எழுத்தில் கேளுங்கள். '3.எக்ஸ்' என்ற பதில் போதாது, 3.12, 3.13 என்று எண் வேண்டும்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் மேற்கொண்டு வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள். பெரும்பகுதி பார்த்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் தளங்கள் உண்டு. விளம்பரப் பக்கம், வெர்ஷன் தெரியும் திரை, ரசீது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் திரும்பாவிட்டாலும் லூப், ஃபங்ஷன், லிஸ்ட் பற்றிய பாடங்களின் தர்க்கத்தை வைத்துக்கொள்ளலாம். சரங்கள், கோப்புகள், இணையம், எக்ஸெப்ஷன் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்திலுள்ள இலவசப் பாடத்தில் படியுங்கள். பழைய நிரலைப் பைத்தான் 3-க்கு மாற்றித் தரும் '2to3' கருவியால் மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் இனி உதவாது, 3.13-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.