ஐஆர் முதலில், மல்டி அப்புறம் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடு. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். எங்கள் பக்கத்தில் பைலட் ஆனவர் யாரும் இல்லாததால் விவரம் கேட்க ஆள் இல்லை. அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைத்துத்தான் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். பள்ளியின் பெயரை எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். ஐஆர் என்பது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, மல்டி என்பது இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதி.

சேர்க்கும்போது அங்கிருந்த ஆலோசகர் சொன்னார்: "முதல்ல சிபிஎல். அது கைக்கு வந்ததும் ஐஆர். கடைசியா மல்டி. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேக்கேஜ் இருக்கு, தம்பி." அப்பா என்னைப் பார்த்து, "படிப்படியாப் போறது நல்லதுதானே, கண்ணு" என்றார். கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது.

சிபிஎல் என்கிற வணிக பைலட் உரிமத்துக்கு, உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறத்தல். அதில் 100 மணி நேரம் நாமே பொறுப்பு பைலட்டாக, அதாவது பிஐசியாக, ஓட்டியிருக்க வேண்டும். அந்த 100க்குள் கிராஸ் கண்ட்ரி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது, 20 மணி நேரம் இருந்தால் போதும். ஆனால் ஐஆர் தகுதிக்கு பிஐசி கிராஸ் கண்ட்ரி 50 மணி நேரம் வேண்டும். இந்த 20க்கும் 50க்கும் நடுவில்தான் நான் விழுந்தேன்.

பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக் புக்கில், கிராஸ் கண்ட்ரிக்கான கட்டங்களை இப்போது பார்த்தாலும் வயிறு எரிகிறது. பக்கம் பக்கமாக சர்க்யூட். ஏறு, ஓடுதளத்தைச் சுற்று, இறங்கு, மறுபடி ஏறு. விமானம் சீக்கிரம் திரும்பினால் அடுத்த மாணவரை ஏற்றலாம், பள்ளிக்கு அது வசதி. 200 முடிந்த அன்று பென்சிலால் கூட்டிப் பார்த்தேன். கிராஸ் கண்ட்ரி 27. மீதி 23 மணி நேரத்தைக் கூடுதலாகப் பணம் கட்டிப் பறந்தேன். ஒரு மணி நேரத்துக்கு 14,000 ரூபாய்.

சரி, ஐஆர் முடிந்தது, ஒற்றை எஞ்சின் செஸ்னாவில். அப்புறம்தான் எனக்கு முன்னால் படித்த ஓர் அண்ணன், விமான நிறுவனங்களின் வேலை அறிவிப்பை எடுத்துக் காட்டினார். அவர்கள் கேட்பது இரட்டை எஞ்சினில் தேறிய, நடப்பில் உள்ள ஐஆர். நான் மல்டி முடித்த பிறகு அதிலேயே மறுபடி சோதனை கொடுக்க வேண்டும். ஆலோசகரிடம் போனால், "அதுக்கும் ஒரு பேக்கேஜ் இருக்கு" என்றார்.

இரட்டை எஞ்சின் ஏன் வேறு என்பது மல்டி பயிற்சியின் முதல் வாரத்திலேயே புரிந்தது. கண்ணுக்கு மேலே மறைப்பு மாட்டியிருக்கிறேன், வெளியே எதுவும் தெரியாது. பயிற்றுநர் சத்தமில்லாமல் இடது எஞ்சினின் விசையைக் குறைக்கிறார். மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது. அதை நேராக்க வலது கால், மூக்கைத் திருப்பும் ரடர் பெடலை முழுப் பலத்தோடு மிதிக்கிறது, இடது கால் சும்மா கிடக்கிறது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் போயிருக்கிறது. அந்த நிலையிலேயே கருவிகளைப் பார்த்து ஓடுதளத்துக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். செஸ்னாவில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இது வராது.

இதற்கிடையில் பள்ளியின் ஒரே மல்டி விமானம் உதிரிபாகம் வராமல் ஐந்து மாதம் நின்றது. ஐஆர் செல்லுபடியாவது 12 மாதம்தான். எனக்கு அது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே காலாவதியானது.

நம் நாட்டில் பலர் செய்யும் வழி 185 மணி நேரம் ஒற்றை எஞ்சின், கடைசி 15 மணி நேரம் மல்டி, ஐஆர் சோதனையும் அந்த மல்டியிலேயே. எல்லாம் 200க்குள் அடங்கும். 50 மணி நேரக் கிராஸ் கண்ட்ரியை முதல் நாளிலிருந்தே பிஐசி கணக்குக்குள் திட்டமிட வேண்டும். கருவிப் பயிற்சி 40 மணி நேரத்தில் ஒரு பகுதியை சிமுலேட்டரிலேயே முடிக்கலாம். நான் தேவையில்லாமல் பறந்த 23 மணி, 200க்குள் மல்டியாக இருந்திருக்க வேண்டிய 15 மணி, இரண்டாவது சோதனைச் செலவு எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 6 லட்சம் போனது. ஒற்றை எஞ்சினிலேயே பயிற்றுநராக இருக்கப் போகிறவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். விமான நிறுவன வேலைக்குப் போகிறவருக்கு இதுதான்.

கடைசியாக ஏ320 டைப் ரேட்டிங்கையும், அதாவது அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியையும், "இப்பவே கட்டினா சலுகை" என்று நீட்டினார்கள். அப்பா பேனாவை எடுத்துவிட்டார், நான்தான் தடுத்தேன். இண்டிகோவில் ஏ320 குடும்ப விமானங்கள் ஓடுகின்றன, ஆகாசாவில் 737 மேக்ஸ். ஒன்றுக்கு எடுத்த ரேட்டிங் மற்றதற்கு உதவாது. எங்கே வேலை என்று தெரியாமல் அதற்குப் பணம் கட்டவே கூடாது.

சேரும் முன் முதல் வகுப்பு மெடிக்கலை முடித்துவிடுங்கள். பறக்கும் நிலையில் மல்டி விமானம் எத்தனை என்று கேட்டு, நிறுத்தி வைத்திருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். கிராஸ் கண்ட்ரி 50 மணி 200க்குள் வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சித்தூர், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கம் யார் வீட்டிலாவது பிள்ளை பைலட் படிக்கக் கிளம்பினால், முன்பணம் கட்டும் முன் எனக்குச் சொல்லுங்கள். லாக் புக்கோடு வீட்டுக்கே வந்து காட்டுகிறேன்.