அப்பாவுக்குக் கேபிள் ஸ்வெட்டர்: கம்பளியா, அக்ரிலிக்கா, பருத்தியா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் இருக்கும் ஒருவருக்கு, சடை சடையாக முறுக்கு விழுந்த அந்தக் கேபிள் ஸ்வெட்டரைப் பின்னுவதாக இருந்தால் அசல் கம்பளி நூலில் பின்னுங்கள், காசு பார்க்காதீர்கள். மூன்று நூலிலும் ஒவ்வொன்று பின்னிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மூன்றும் அப்பாவுக்கு. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் காலை ஐந்தரை மணிக்குக் காப்பி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், மூடுபனி முற்றத்தில் நின்றாலும் சரி. நான் கீழே சேலத்தில், குகை என்கிற பகுதியில் இருக்கிறேன். இங்கே மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத நாளில்கூட, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் சாயங்காலம் தோளுக்கு ஏதாவது வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். நம் ஊரில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது அக்ரிலிக்தான். யாரும் ஏமாற்றவில்லை, பேச்சு வழக்கில் தடித்த மெத்தென்ற நூல் எல்லாமே உல்லன் ஆகிவிட்டது. உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் என்ன நூல் என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். காகிதம் இல்லாமல் சிட்டமாக வாங்கினால் ஒரு விரல் நீளம் வெட்டிப் பாத்திரம் கழுவும் தொட்டி மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி பொசுங்கின வாடை அடிக்கும், மிஞ்சுகிற கரியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகி, நுனியில் கடுகு போல ஒரு கெட்டியான மணியாக நிற்கும். எந்தக் கடைக்காரரின் வார்த்தையைவிடவும் இந்தச் சோதனையை நம்புகிறேன்.

முதலில் பின்னியது அக்ரிலிக்கில். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விலை குறைவு, அசல் கம்பளிக்கு நான் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எடையும் குறைவு, பூச்சி அரிக்காது, எப்படித் துவைத்தாலும் சுருங்காது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, வருஷா வருஷம் வளர்கிற பிள்ளைகளுக்கு, நான் இப்போதும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் கேபிளுக்கு அது கைகொடுக்கவில்லை. பின்னி முடித்ததும் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன், எல்லாத் துணிக்கும் செய்வதுபோல. அக்ரிலிக் சூட்டில் இளகிவிடுகிற நூல், கயிறு மாதிரி மேடாக நின்ற முறுக்குகள் வைத்த இடத்திலேயே பட்டையாகப் படுத்துவிட்டன. தண்ணீரில் நனைத்தும் எழவில்லை, ஒரு முறை படுத்தால் படுத்ததுதான். அதைவிட முக்கியமானது அப்பா சொன்னது: "கண்ணு, மேடு ஏறுனா உள்ள வேர்த்துருது, வந்து உக்காந்தா அந்த வேர்வையே குளுருது." அக்ரிலிக் வேர்வையை இழுத்துக்கொள்ளாது, அது உடம்புக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவிலேயே நிற்கும்.

அப்புறம் பருத்தி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்குப் பருத்தி மேல் இருக்கிற பாசத்தில் எடுத்தேன். வேட்டிக்கும் துண்டுக்கும் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பருத்திக்கு நீண்டு சுருங்குகிற குணம் இல்லை, எடையும் அதிகம். கேபிள் போட்டால் நூல் இன்னும் கூடுதலாகப் போகும், அந்த எடையே ஸ்வெட்டரைக் கீழே இழுக்கும். இடுப்பில் நின்ற விளிம்பு ஆறு மாதத்தில் தொடைக்கு இறங்கிவிட்டது. மழை மாதத்தில் துவைத்தால் மூன்று நாள் ஆனாலும் மலையில் காயவில்லை. பருத்தியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பளிக்கு வருகிறேன். ஆட்டு ரோமம் இயற்கையிலேயே சுருள் சுருளாக இருப்பதால் நூலுக்கு ஒரு துள்ளல் உண்டு, இழுத்தால் வரும், விட்டால் திரும்பும். கேபிள் என்பது என்ன? ஆறு கண்ணியில் மூன்றைச் சின்ன ஊசியில் எடுத்து முன்பக்கம் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, தொங்குகிற மூன்றுக்குத் திரும்பி வருகிறோம், முறுக்கு இடதுபுறம் சாய்கிறது. பின்பக்கம் தொங்கவிட்டால் வலதுபுறம் சாயும். ஒரு கண்ணி இன்னொன்றைத் தாண்டி இழுபடுகிற அந்த இடத்தில் நூல் வளைந்து கொடுத்தால்தான் ஊசியும் கையும் வலிக்காது. கம்பளி கொடுக்கும். முதல் தடவை நனைத்து, கயிற்றுக் கட்டிலில் பழைய துண்டு விரித்து, அளவுக்கு இழுத்து வைத்துக் காயவிட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டு பக்கமும் பர்ல், அதாவது புரட்டிப் போடுகிற கண்ணி, விழுந்த பள்ளத்திலிருந்து முறுக்கு தனியாக எழுந்து நிற்கிறது, அம்மா எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்ட சடை மாதிரி. இன்னொன்று, கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரம் தெரியாது. மேடு ஏறி இறங்குகிற மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

அதற்குக் கொடுக்க வேண்டிய விலை துவைப்பதில் இருக்கிறது. ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, சுடுதண்ணீரும் அடித்துத் துவைப்பதும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு ஸ்வெட்டர் சிறுத்துக் கம்பளித் தகடு ஆகிவிடும். அதனால் துவைக்கிற கல்லுக்குப் போகவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்குவது, கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் நிழலில் படுக்க வைப்பது, அவ்வளவுதான். கோடையில் துவைத்துக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள், அழுக்கும் வேர்வையும் இருக்கிற கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். வீட்டில் இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் பரவாயில்லை, ஆனால் முறுக்கின் எடுப்பு பாதிதான் வரும்.

நூலின் தடிமனில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இந்த டிசைனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அயர்லாந்தின் மேற்கே இருக்கும் அரன் தீவுகள், அங்கே அட்லாண்டிக் காற்றுக்குத் தடித்த நூல் சரி. ஏற்காட்டுக் குளிருக்கு அது அதிகம். ஒரு படி மெலிந்த, டிகே (டபுள் நிட்டிங்) என்கிற நூல் எடுத்து, 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினால் போதும். 40 அங்குல மார்புக்கு எனக்கு 650 கிராம் ஆனது. ஊசி வாங்கும்போது எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் அதே 8 என்பது 5 மில்லிமீட்டர். நம் கடைகளில் பழகியது பிரிட்டிஷ் கணக்கு, இணையத்தில் கிடைக்கிற பேட்டர்ன்களில் பாதி அமெரிக்கக் கணக்கு. மாதிரித் துண்டைச் சாதாரணப் பின்னலில் போட்டு அளக்கவும் கூடாது. அதில் எனக்கு 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்தது, கேபிளில் 29. முறுக்கு அவ்வளவு உள்ளே இழுக்கும்.

துண்டு துண்டாகப் பின்னித் தைப்பதா, வட்ட ஊசியில் ஒரே உடம்பாகச் சுற்றிப் பின்னுவதா? வட்டத்தில் எப்போதும் நல்ல பக்கம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், முறுக்கு தப்பினால் உடனே தெரியும், தையலும் இல்லை. அது உண்மைதான். ஆனால் சேலத்து ஏப்ரல் மாதத்தில் முழுக் கம்பளி உடம்பும் மடியில் குவிந்து கிடந்தால் பத்து நிமிஷம் உட்கார முடியாது. துண்டாகப் பின்னினால் மடியில் ஒரு முழம்தான் இருக்கும். கேபிள் ஸ்வெட்டரின் எடையைத் தோளிலும் பக்கத்திலும் விழுகிற தையல் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது. நான் துண்டுதான்.

நிறம்? அப்பா காப்பிக்கொட்டை நிறம் கேட்டார், கறை தெரியாது என்று. கருத்த நிறத்தில் முறுக்கின் நிழல் விழாது, இத்தனை வேலையும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பேசிப் பேசி வெந்த அவல் நிறத்துக்கு இறக்கினேன்.

இப்போது அம்மாவுக்கு ஆரம்பித்திருக்கிறேன். அவர் அக்ரிலிக்கே போதும் என்றார், துவைக்கச் சுலபம் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வெந்நீர் போடுவது விறகு அடுப்பில், குனிந்து ஊதுகிறவர். ஒரு பொறி விழுந்தால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும், கம்பளி கருகி நின்றுவிடும். கை நீளத்தை மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அளவுக்கு அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், மாதிரித் துண்டு கட்டிலில் காய்கிறது.