குறைமாதக் குழந்தையின் மூடாத நாளம்: அறுவையா, கதீட்டரா?

ஒரு கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தைக்கு, பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் நாளம் பிறந்த பிறகும் திறந்தே இருப்பது சகஜம். பலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். சிலருக்கு இபுப்ரோஃபென், பாராசிட்டமால் கைகொடுக்கும். எதுவும் பலிக்காமல், வென்டிலேட்டரையும் எடுக்க முடியாதபோதுதான் இந்தக் கேள்வியே வருகிறது.

அறுவை சிகிச்சையில் பெரிய வசதி, குழந்தையை நகர்த்தவே வேண்டாம். என்ஐசியூ (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) படுக்கையிலேயே இடப்பக்க விலா இடுக்கைத் திறந்து, நாளத்துக்குக் கிளிப் போட்டுவிடலாம். ஆனால் குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்த நாளத்தை ஒட்டித்தான் வளைந்து செல்கிறது. அது அடிபட்டால் அழுகை கரகரக்கும், பால் புரையேறும். மூடிய சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிவதும் உண்டு.

கதீட்டர் முறையில் நெஞ்சைத் திறப்பதில்லை. கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தொடைச் சிரை வழியாகச் செலுத்தி, பட்டாணியைவிடச் சிறிய கம்பிவலை அடைப்பானை வைத்துவிடுகிறார்கள். 2019இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, 700 கிராம் எடையிலிருந்தே இதற்கு அனுமதி தந்தது. அடைப்பான் நழுவலாம், பக்கத்து ரத்தக்குழாயை நெருக்கலாம், இதயத்தின் மூவிதழ் வால்வு சேதமாகலாம். அப்புறம் குளிர்: கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேப் போய் வருவதற்குள் அவ்வளவு சின்ன உடம்பு சட்டென்று சூட்டை இழந்துவிடும்.

அனுபவமுள்ள குழு இருந்தால் என் ஓட்டு கதீட்டருக்கே. எடை 700 கிராமுக்கும் கீழே, அல்லது நகர்த்தவே முடியாத நிலை என்றால் அறுவை. வேறு பிறவி இதயக் கோளாறால் அந்த நாளத்தை நம்பியே ரத்தம் ஓடும் குழந்தைக்கு இரண்டுமே கூடாது. அங்கே புரோஸ்டாகிளாண்டின் கொடுத்து அதைத் திறந்தே வைக்க வேண்டும்.